பொய்க்கால் நடை: ஆங்கிலச் சொல்லொன்றின் பொருளும் வழக்கும்

ஆங்கிலத் திறனாய்வு நூல்களைப் பயிலும் மாணவர் அடிக்கடி எதிர்ப்படும் சொற்களுள் 'ஸ்ரில்ற்றட்' என்பதும் ஒன்று. ஒரு நாடகத்தின் உரையாடலை, ஒரு நாவலின் நடையை, ஒரு மொழிபெயர்ப்பை, ஒரு நடிகரின் நடிப்பைக் குறைகூறுமிடத்து இச்சொல் வருகின்றது. இதற்குச் செயற்கையான, பகட்டான, இயல்பற்ற, விறைப்பான என்றெல்லாம் தமிழிற் பொருள் கூறலாம். இவை பிழையான பொருள்கள் அல்ல. ஆயினும் இந்நான்கும் தம்முள் வேறுபட்டவை. பகட்டான பேச்சு விறைப்பாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. விறைப்பான பேச்சிற் பகட்டுச் சிறிதும் இல்லாதிருத்தலும் கூடும். ஒரு சொல் இவை அனைத்தையும் எவ்வாறு தாங்கி நிற்கின்றது என்பதை விளக்குதலும், அது சுட்டும் குற்றம் நமது உரைநடையை, சிறப்பாக நமது மொழிபெயர்ப்புத் தமிழை, எவ்வாறு தொடுகின்றது என்பதை நோக்குதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லின் தோற்றம்

இச்சொல்லின் அடி 'ஸ்ரில்ற்' என்னும் பெயர்ச்சொல். இதற்கு இனமான சொற்கள் ஜேர்மன், டச்சு, டேனிஷ், சுவீடிஷ் ஆகிய மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் 14 ஆம் நூற்றாண்டளவில் இது ஊன்றுகோலையும், கலப்பையின் கைப்பிடியையும் குறித்தது. 15 ஆம் நூற்றாண்டில், சேற்று நிலத்தைக் கடப்பதற்குக் காலுடன் பொருத்தி நடக்கும் நெடிய கழிகளை, அதாவது நாம் பொய்க்கால் என வழங்குவதனை, குறிக்கலாயிற்று. பின்னர் கட்டடத்தை நிலத்தினின்றும் உயர்த்தித் தாங்கும் கம்பங்களுக்கும் இப்பெயர் ஏற்பட்டது. நெடிய கால்களையுடைய நீர்ப்பறவையொன்றும் இப்பெயர் பெற்றது. கண்டல் மரத்தைச் சேற்றில் நிறுத்தும் மிண்டிவேர்களையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே சுட்டுவர்.

பெயர்ச்சொல்லினின்றும் பிறந்த பெயரடையே 'ஸ்ரில்ற்றட்'. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் பொருள் 'பொய்க்கால் பூண்ட' என்பது மட்டுமே. கட்டடக் கலையில் இச்சொல் இன்றும் பழிப்பின்றி வழங்குகின்றது. தூணின் தலையிலிருந்து உடனே வளையாது, சிறிது தூரம் நேராக உயர்ந்து பின் வளையும் வில்வளைவினை இப்பெயரடையாற் குறிப்பர். பைசாந்தியக் கட்டடங்களிலும் இஸ்லாமியக் கட்டடங்களிலும் இத்தகைய வளைவுகளைக் காணலாம். ஒடுங்கிய இடைவெளியில் எழுப்பும் வளைவினை அகன்ற வளைவின் உயரத்துக்குக் கொண்டுவர இவ்வமைப்பு உதவும். ஈண்டு உயர்த்தல் ஒரு தேவையை நிறைவுசெய்கின்றது. ஆகவே அதிற் குற்றம் இல்லை.

மொழிநடையைப் பழிக்கும் உருவகப் பொருள் 1820 ஐ ஒட்டியே பதிவு பெறுகின்றது. இக்காலம் கவனிக்கத்தக்கது. வேட்ஸ்வேர்த்தும் கோல்ரிட்ஜும் தம் கவிதைத் தொகுதியை வெளியிட்டது 1798 இல். அதன் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் வேட்ஸ்வேர்த் கவிதைக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட சொல்லாட்சியை மறுத்து, மக்கள் உண்மையிற் பேசும் மொழியே கவிதைக்கு அடிப்படையாதல் வேண்டும் என வாதிட்டார். உயர்ந்த நடை என முந்திய தலைமுறையினர் போற்றியதை அடுத்த தலைமுறையினர் ஐயத்துடன் நோக்கத் தொடங்கிய காலம் அது. அந்த ஐயத்திற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தபோது பொய்க்கால் என்னும் படிமம் கைகொடுத்தது எனலாம்.

2. படிமத்தின் உட்பொருள்

உருவகத்தை அறிதற்கு முதலிற் பொருளை அறிதல் வேண்டும். பிரான்சின் தென்மேற்கிலுள்ள லாந்து என்னும் நிலப்பகுதி முற்காலத்தில் நீர் வடியாத பெருஞ் சதுப்பாக விளங்கியது. அங்கு ஆடு மேய்த்த இடையர் பொய்க்காலின்மேல் நடந்தே தம் தொழிலைச் செய்தனர். சேறு காலிற் படாது. தொலைவிலுள்ள மந்தை கண்ணுக்குத் தெரியும். நீண்ட அடியெடுத்து விரைந்து செல்லவும் இயலும். ஒரு நெடுங்கோலைப் பின்புறம் ஊன்றி அதிற் சாய்ந்தபடி கம்பளி பின்னும் இடையரை அக்கால ஓவியங்களிற் காணலாம். அவர்களின் நடையில் விறைப்பு இல்லை. 1857 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின் பின்னர் அச்சதுப்பு நிலத்தின் நீர் வடிக்கப்பட்டுப் பைன் காடுகள் வளர்க்கப்பட்டன. தரை உறுதிப்பட்டதும் பொய்க்காலுக்குத் தேவை இல்லாதொழிந்தது. இன்று அது நாட்டார் ஆடல்களிலும் விழாக்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளது.

நமது தீவின் தென்கரையில், கொக்கலை, வெலிகமை ஆகிய ஊர்களின் ஆழங்குறைந்த கடலில் நட்ட கம்பத்தின் குறுக்குக் கட்டையில் அமர்ந்து மீனவர் தூண்டில் போடும் முறையும் இத்தகையதே. அலையும் பாறையும் உள்ள இடத்தில் அக்கம்பம் ஒரு தொழிற்கருவி. அத்தொழில் நலிந்தபின் அதே கம்பம் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிப் பொருளாகிவிட்டது.

இவ்வெடுத்துக்காட்டுகளிலிருந்து நாம் பெறுவது யாது? உயரம் தன்னளவிற் குற்றமாகாது. தரை வேண்டுமிடத்துப் பொய்க்கால் அறிவுடைமை. உறுதியான தரையில் அது வெறும் தோற்றம். அங்ஙனம் ஏறியவர் இரண்டை இழக்கின்றார். முதலாவது, அவர் பெற்ற உயரம் அவருடையதன்று. இரண்டாவது, பழக்கமின்மையால் முழங்காலை இயல்பாக மடக்க முடியாது. விழுந்துவிடுவோம் என்ற அச்சத்துடன் ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கின்றார். கடன்வாங்கிய உயரம் பகட்டு என்னும் பொருளைத் தருகின்றது. எண்ணி வைக்கும் அடி விறைப்பு என்னும் பொருளைத் தருகின்றது. ஒரே சொல் இரு பொருளையும் தாங்குவது இதனாலேயாகும்.

3. வழக்கில் இச்சொல்

இச்சொல் எவற்றுடன் சேர்ந்து வரும் என்பதை நோக்குவாம். உரையாடல், பேச்சு, நடை, மொழிபெயர்ப்பு, நடிப்பு, பழகும் முறை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கு அடையாக வருவதே பெருவழக்கு. நோயினால் விறைத்த கையையோ, கஞ்சியிட்டு விறைத்த துணியையோ இச்சொல்லாற் குறித்தல் ஆங்கில மரபன்று. மனிதர் ஒருவர் மற்றொருவருக்குத் தம்மை வெளிப்படுத்தும் செயலிலேயே இவ்விறைப்பு நிகழ்தல் வேண்டும். வில்வளைவு முதலிய தொழிற்சொற்களை நீக்கி நோக்கினால் இச்சொல் எப்பொழுதும் குறைகூறவே வரும், புகழ்ச்சியில் வாராது.

இக்கால வழக்கில் இரு கிளைகளைப் பிரித்தறியலாம். முதற்கிளை, மிகையாக உயர்ந்த சொல்லாட்சியைக் குறிப்பது. ஜேன் ஒஸ்ரின் 1813 இல் வெளியிட்ட நாவலில் வரும் கொலின்ஸ் என்னும் மதகுரு இதற்குச் சிறந்த சான்று. பெருமாட்டிகளுக்குக் கூறவேண்டிய முகமன் மொழிகளை அவர் முன்கூட்டியே சிந்தித்து ஒழுங்குசெய்து வைப்பார். ஆயினும் அவை அந்தக் கணத்திற் பிறந்தவை போலத் தோன்றவேண்டும் என்றும் விரும்புவார். அவருடைய திருமண வேண்டுகோளே ஒரு பிரசங்கம்போலக் காரணங்களை வரிசைப்படுத்திச் செல்கின்றது. கேட்கும் பெண் அங்கிருக்கின்றாள் என்பதைப் பேச்சு மறந்துவிடுகின்றது. டிக்கன்ஸ் 1849 - 50 இல் எழுதிய நாவலில் வரும் மைக்கோபர் சற்று வேறுபட்டவர். நெடிய தொடர்களில் மிதந்து செல்லும் அவர், திடீரென 'சுருங்கக் கூறின்' எனத் தரைக்கு இறங்கி, கையிற் பணமில்லை என்ற செய்தியை ஒரு சிறு வாக்கியத்திற் சொல்லிவிடுவார். இறங்கத் தெரிந்தமையாலேயே அவரை வாசகர் விரும்புகின்றனர்.

இரண்டாங்கிளை இதற்கு நேர்மாறானது போலத் தோன்றும். நெடுங்காலம் பகைத்திருந்த சகோதரர் இருவர் ஒரு சாவீட்டிற் சந்திக்கின்றனர். 'எப்போது வந்தீர்கள்?' 'நேற்று.' 'பயணம் எப்படி?' 'பரவாயில்லை.' இவ்வுரையாடலில் உயர்ந்த சொல் ஒன்றேனும் இல்லை. எனினும் ஆங்கிலத்தில் இதனையும் 'ஸ்ரில்ற்றட்' என்றே கூறுவர். சொல் எளியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் எண்ணி வைக்கும் அடியாக உள்ளது. பேசவேண்டியது ஒன்றிருக்க, பேச்சு அதனைத் தொடாது மேலே நின்று நடக்கின்றது. இக்குற்றம் சொற்களின் கடினத்தில் மட்டும் தங்கியதன்று என்பதற்கு இவ்வழக்கே போதிய சான்று.

4. அயற்சொற்களும் வேறுபாடுகளும்

இதனுடன் மயங்கத்தக்க சில சொற்களை வேறுபடுத்துதல் நன்று. 'பொம்பஸ்' என்பது தம்மைப் பெரியவராக மதிக்கும் மனிதரின் தன்மை. பொய்க்கால் நடையோ கூச்சமுள்ள மாணவனிடத்தும், அயல்மொழியைப் புதிதாகக் கற்பவரிடத்தும் காணப்படலாம். அதற்குச் செருக்குக் காரணமாகவேண்டியதில்லை, அச்சமும் காரணமாகலாம். 'பொம்பாஸ்ற்' என்னும் சொல்லின் மூலப்பொருள் ஆடையினுள்ளே திணிக்கும் பஞ்சு. அது பருமனைப் பற்றிய உருவகம்; இது உயரத்தைப் பற்றிய உருவகம். மரம்போன்ற நடிப்பு என்னும்போது உணர்ச்சியின்மை சுட்டப்படுகின்றது. அங்கே உயர முயலுதல் இல்லை.

முறைசார்ந்த நடையும் பழமை வாய்ந்த நடையும் பொய்க்கால் நடை ஆகா என்பதையே சிறப்பாக வற்புறுத்தல் வேண்டும். ஜோர்ஜ் ஓர்வெல் 1946 இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனைக் காட்டும் ஒரு சோதனையைச் செய்தார். 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து ஒரு வசனத்தை எடுத்து, அதனைத் தம் காலத்து அறிக்கை மொழியில் மாற்றியெழுதினார். மூலத்தில் ஓட்டமும் போரும் உணவும் கண்முன் நிற்கின்றன; மாற்றியெழுதியதில் அருவமான நெடுஞ்சொற்களே எஞ்சின. மூன்று நூற்றாண்டு பழமையான நடை இயல்பாக நடக்க, அன்றைய நடையே பொய்க்காலில் தள்ளாடியது. ஆகவே பழமை வேறு, பொய்க்கால் வேறு.

பேச்சுக்கும் பேசுபவருக்கும் உள்ள பொருத்தம் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1755 இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன் கனத்த நடைக்குப் பெயர்பெற்றவர். மீன்களைப் பேசவைத்து எழுதும் கதையிற் சிறுமீன்கள் சிறுமீன்களாகவே பேசுதல் வேண்டும் என்று கோல்ட்ஸ்மித் கூறியபோது ஜோன்சன் நகைத்தார். அதற்குக் கோல்ட்ஸ்மித், நீர் எழுதினால் உம்முடைய சிறுமீன்கள் திமிங்கிலங்களாக அன்றோ பேசும் என்ற கருத்துப்பட விடையிறுத்ததாகப் பொஸ்வெல் 1791 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. திமிங்கிலம் திமிங்கிலமாகப் பேசினால் அது கம்பீரம். சிறுமீன் அவ்வாறு பேசினாற்றான் பொய்க்கால்.

5. தமிழிற் பெயரிடல்

தமிழில் இக்குற்றத்தைக் குறிக்க ஒரு வாய்ப்பு இயல்பாகவே அமைந்துள்ளது. 'நடை' என்னும் சொல் நமக்கு நடத்தலையும் குறிக்கும், மொழிநடையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் விளக்கிக் கூறவேண்டிய உருவகம் தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. ஆகவே 'பொய்க்கால் நடை' என்னும் தொடரைப் படிக்கும் தமிழர் அதன் பொருளை எளிதில் உணர்வர்.

ஆயினும் நமது மரபிற் பொய்க்கால் பழிப்புக்குரிய பொருளன்று என்பதையும் நோக்குதல் வேண்டும். சிலப்பதிகாரம் கூறும் மாதவியின் பதினோராடல்களுள் மரக்காலாடலும் ஒன்று. அசுரர் வஞ்சனையாற் பாம்பும் தேளும் போன்ற நச்சுயிர்களாக வந்தபோது அவற்றைத் துர்க்கை மரக்கால் கொண்டு உழக்கி ஆடியது அது. அங்கும் தரையிலே நஞ்சு இருந்தமையாலேயே மரக்கால் வேண்டியதாயிற்று என்பது நினையத்தக்கது. இன்று மரக்கால் என்றால் நெல் அளக்கும் அளவையே முதலில் நினைவுக்கு வரும். எனவே அச்சொல் நமது தேவைக்குப் பொருந்தாது. பொய்க்காற் குதிரையாட்டமோ கட்டைக்காலில் நின்று ஆடும் அரிய திறமை. போரினாலும் நோயினாலும் காலிழந்தோர் பூணும் செயற்கைக் காலையும் மக்கள் பொய்க்கால் என்பர். அது தேவையிற் பிறந்தது. பழகப் பழக அவருடைய சொந்த நடையாகவே அமைவது. எனவே, தேவையின்றி ஏறி நடக்கும் நடை என்ற வரையறையுடனேயே இத்தொடரைக் கையாளுதல் முறையாகும். உரையாடலின் இறுக்கத்தைக் குறிக்கும் இரண்டாங்கிளைப் பொருளுக்கு 'ஒட்டாத பேச்சு' என்பது பொருத்தமாகும்.

நன்னூலார் தொகுத்த பத்துக் குற்றங்களுள் இது அடங்குமா என்னும் வினா எழலாம். சொற்கள் பொருட்சிறப்பின்றி வெறுமையாகத் தொடுக்கப்படுதலாகிய வெற்றெனத் தொடுத்தல் இதற்கு அண்மையது. ஆயினும் பொய்க்கால் நடையிற் பொருள் இல்லாதிருத்தல் கட்டாயமன்று; நல்ல பொருளும் பொய்க்காலில் ஏறி வரலாம். ஆகவே இது தனியாக எண்ணத்தக்க குற்றமாகும்.

6. நமது உரைநடையும் இக்குற்றமும்

தமிழ் எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் பெரிதும் வேறுபட்ட மொழி. எழுத்துத் தமிழ் இயல்பாகவே பேச்சினின்றும் உயர்ந்த தளத்தில் நிற்பது. இதனைக்கொண்டு எழுத்துத் தமிழ் முழுவதையும் பொய்க்கால் எனக் கருதுவது பெருந்தவறு. ஆறுமுக நாவலர் (1822 - 1879) சிறுவர்க்கென எழுதிய பாலபாடங்கள் இலக்கண வழுவற்ற எழுத்துத் தமிழில் அமைந்தவை. அவற்றில் வாக்கியங்கள் குறியது. சந்தி வேண்டுமளவே வருவது. பொருள் நேரே செல்வது. முறைசார்ந்த நடை இயல்பாக நடக்கக்கூடும் என்பதற்கு நாவலரே சான்று. யாழ்ப்பாணத்தில் இறந்தோர் நினைவாக வெளியிடும் கல்வெட்டுப் பாக்களும் உயர்ந்த நடையினவே. ஆயினும் துயரத்தின் சேற்று நிலத்தைக் கடத்தற்குச் சமூகம் தானே அமைத்துக்கொண்ட பொய்க்கால் அது. அங்கு அதனை ஒருவரும் பழிப்பதில்லை.

பழி எழுவது மொழிபெயர்ப்பில். பத்தாண்டுகளின் பின் வீடு திரும்பிய மகனை நோக்கி ஒரு நாவலில் வரும் கமக்காரத் தந்தை, 'நான் உன்னைக் காண்பதையிட்டு மிகவும் மகிழ்ச்சியடைகின்றேன்' என்று கூறுவாராயின், சொல் ஒவ்வொன்றும் சரியானதே. ஆயினும் அத்தந்தை இறந்துவிட்டார். ஆங்கில வாக்கியமொன்று அவருடைய வாயைக் கடன்வாங்கியிருக்கின்றது. 'வந்திட்டியே ராசா' என்னும் இரு சொற்களில் அவர் உயிர்பெற்று எழுவார்.

நாவலில் நேர்வது சுவைக்கேடு மட்டுமே. அரச அலுவல்களில் நேர்வது அதனினும் பாரதூரமானது. எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஓர் அறிவித்தலை நோக்குக: 'நோயாளர்களினால் தத்தமது சிகிச்சைப் பதிவேடுகள் சமர்ப்பிக்கப்படாதவிடத்து மருந்து விநியோகம் மேற்கொள்ளப்படுதல் சாத்தியமாக்கப்படமாட்டாது.' இதன் கருத்து: 'கிளினிக் கொப்பியைக் கொண்டுவராதவர்களுக்கு மருந்து தர இயலாது.' பின்னைய வாக்கியத்தில் மரியாதைக் குறைவு யாதும் இல்லை. முன்னையதிற் செயலைச் செய்பவர் மறைகின்றார். வினை பெயராகிப் பின் மீண்டும் வினையாக்கப்படுகின்றது. செயப்பாட்டுவினை மூன்று முறை அடுக்கப்படுகின்றது. அதனைப் படிக்கும் முதியவர் எங்கே செல்வது, எதைக் கொண்டுவருவது என்று அறியாது, பக்கத்தில் நிற்பவரைக் கேட்கின்றார். கேட்க ஒருவரும் இல்லையெனின் திரும்பிவிடுகின்றார்.

1956 இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987 இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13 ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. ஆயினும் பல ஆவணங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முதலில் வரையப்பட்டுப் பின்னரே தமிழாக்கப்படுகின்றன. அத்தமிழாக்கம் படிப்போர்க்கு விளங்காததாயின், சட்டம் தந்த உரிமை தாளளவில் நின்றுவிடும். பிரித்தானியாவில் அரச ஊழியர் எழுதும் ஆங்கிலம் பொதுமக்களுக்கு விளங்கவில்லை என்னும் குறையைத் தீர்த்தற்குத் திறைசேரியின் வேண்டுகோளின்படி ஏர்னஸ்ட் கவர்ஸ் எளிய சொற்கள் பற்றிய நூலை எழுதியது 1948 இல். அங்கு எழுத்தரும் மக்களும் ஒரே மொழியினர். அவ்வாறிருந்தும் அம்முயற்சி வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பின் வழியே அரசைச் சந்திக்கும் நமக்கு அது பன்மடங்கு வேண்டற்பாலது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், 'ஸ்ரில்ற்றட்' என்னும் சொல் உயர்ந்த நடையை அன்று, இடமறியாது உயர்ந்த நடையையே பழிக்கின்றது என்பது புலனாகும். எழுதி முடித்த வாக்கியமொன்றைச் சோதிக்க விரும்புவோர் மூன்று வினாக்களை எழுப்பலாம். இவ்வுயரத்தை இந்தத் தரை வேண்டுகின்றதா? இச்சொற்கள் இதனைப் பேசுபவருக்கு உரியனவா? இதனைக் கேட்க வேண்டியவர் இதனைக் கேட்டு ஒரு செயலைச் செய்ய இயலுமா? கவிதைக்கும் சட்டத்துக்கும் சடங்குக்கும் உரிய விடைகள் வேறுபடலாம். மருத்துவமனைச் சுவரில் ஒட்டும் அறிவித்தலுக்கு விடை ஒன்றே.

பல்கலைக்கழகத்தில் இன்று தமிழும் மொழிபெயர்ப்பும் பயிலும் மாணவர்கள் நாளை மொழிபெயர்ப்பாளராக, ஆசிரியராக, எழுதுவினைஞராகத் திணைக்களங்களுக்கும் பாடசாலைகளுக்கும் செல்லவிருப்பவர்கள். அவர்கள் எழுதும் ஒரு வரிக்காக வரிசையிற் காத்துநிற்பவர் தரையில் நிற்கின்றார். அவருடைய கண் எட்டும் உயரத்தில் தமிழை எழுதுதல் தமிழைத் தாழ்த்துவதாகாது.